சைவக் காடை

முக்கூடலில் கோமுவின் வீட்டுக் காடைகள் அசல் சைவம். நம்பாதவர்கள் வாசல் கேட்டில் தொங்கும் பலகையைப் பார்த்துக்கொள்ளலாம். ‘சுத்த சைவத் தீவனத்தில் வளர்ந்த காடைகள் இங்கே கிடைக்கும்’ என்று பச்சை எழுத்தில் போட்டு, கீழே ‘பேராசிரியர் குற்றாலலிங்கம், தாவரவியல் (ஓய்வு)’ என்று எழுதியிருந்தது. காடையைத் தின்கிறவர் சைவமா என்று குதர்க்கமாகக் கேட்கக் கூடாது. அது தின்கிறவர் பாடு. காடை சைவமா இல்லையா, அதுதான் அந்த வீட்டுக்குக் கவலை.

கோமுவின் கணவர் குற்றாலலிங்கம் திருநெல்வேலிக் கல்லூரி ஒன்றில் முப்பது வருஷம் தாவரவியல் நடத்தியவர். ஓய்வு பெற்றதும் சொந்த ஊர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். மனிதருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. செல்போனில் காடை வளர்ப்பு பற்றி யாரோ பேசியதைப் பார்த்தார். அந்த வாரமே கொல்லையில் கூண்டு அடிக்க ஆள் வந்துவிட்டது. முட்டையைக் கையால் தொடாத வீடு இது, இங்கே கறிக்குப் பறவை வளர்ப்பதா என்று கோமு குதித்தாள். அவர் வகுப்பெடுக்கிற குரலில் விளக்கினார். காடை உயிரோடு வரும், உயிரோடு போகும், காம்பவுண்டுச் சுவருக்கு உள்ளே கத்தி படாது. சுவருக்கு வெளியே நடக்கிற பாவம் வெளியேயே நின்றுவிடும். பாவத்துக்குச் சுவர் ஏறத் தெரியாது என்று அவர் எந்த ஆராய்ச்சியில் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. யோசித்துப் பார்த்ததில் கோமுவுக்கும் அது ஒருமாதிரி சரியென்றுதான் பட்டது. பிரியாணிக் கடை ஹசன் அலி வாரம் ஒருமுறை வந்து, கேட்டுக்கு வெளியிலேயே நின்று, காடையையும் முட்டையையும் வாங்கிப் போனார்.

கடையில் வாங்கிய தீவன மூட்டையைப் பிரித்த அன்றைக்குத்தான் வீட்டில் பிரளயம். உள்ளிருந்து கருவாட்டு வாடை வந்தது. விசாரித்தால், எல்லாத் தீவனத்திலும் சத்துக்காகக் கருவாட்டுத் தூள் சேர்ப்பது வழக்கமாம். கோமு அந்த மூட்டையைத் தொட்ட கையைத் தலையோடு சேர்த்துக் குளித்துச் சுத்தம் செய்தாள். மறுநாள் பேராசிரியர் மக்காச்சோளம், சோயா, கடலைப் புண்ணாக்கு, தாது உப்பு என்று தானே ஒரு கலவை தயாரித்துவிட்டார். அப்படித்தான் உலகத்தின் முதல் சைவக் காடை முக்கூடலில் உதித்தது. மதம் மாறியதில் காடைகளுக்கு ஆட்சேபணை இருந்ததாகத் தெரியவில்லை. நன்றாகத்தான் தின்றன, நன்றாகத்தான் முட்டையிட்டன.

இந்த நேரத்தில் மகள் சித்ரலேகா தலைப்பிரசவத்துக்கு வந்து சேர்ந்தாள். ஏழு மாத வயிறு. முகம் மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. அம்பாசமுத்திரத்தில் டாக்டர் சங்கரி பரிசோதித்துவிட்டு, ரத்தம் ரொம்பக் குறைவு, இப்படியே பிரசவத்துக்குப் போனால் தாங்காது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். மாத்திரை எழுதிக் கொடுத்தாள். கூடவே தினமும் முட்டை கொடுக்கச் சொன்னாள். குற்றாலலிங்கம் பெருமிதமாகச் சிரித்து, எங்கள் வீட்டில் அதெல்லாம் கிடையாது டாக்டர், முருங்கைக்கீரை கொடுத்துக்கொள்கிறோம் என்றார். ஊருக்கெல்லாம் முட்டை அளக்கிற மனிதர் சொல்கிற பதிலா இது என்று டாக்டர் திருப்பிக் கேட்டிருக்கலாம். பாவம், அவளுக்கு அவர் ஊருக்கு முட்டை அளப்பது தெரியாது.

முருங்கைக்கீரை இரண்டு வாரம் ஓடியது. ஒருநாள் சித்ரலேகா குளியலறையில் மயங்கிச் சரிந்தாள். கோமு தாங்கிப் பிடித்தபோது, மகளின் கண்ணிமைக்கு உட்புறம் சிவப்பே இல்லாததைப் பார்த்தாள். அன்று மத்தியானம் கணவர் தூங்குகிற நேரத்தில் கூண்டுப் பக்கம் போய் மூன்று முட்டைகளை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். பின்கட்டு வெந்நீர் அடுப்பில், ஒரு பழைய டம்ளரில் போட்டு அவித்தாள். தோலை வாழைமரத்தடியில் புதைத்தாள்.

“கண்ணை மூடிக்கிட்டு முழுங்குட்டி. அப்பாட்ட மூச்சு விடக் கூடாது,” என்றாள்.

சித்ரலேகா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு பேசாமல் வாங்கித் தின்றாள். அன்றிலிருந்து தினமும் மத்தியானம் மூன்று முட்டை. மறுநாள் விடிந்ததும் கோமு குளித்துவிட்டு ஆற்றங்கரைச் சிவன் கோயிலுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வருவாள். பாவத்தை மத்தியானம் செய்து காலையில் கழுவிவிடுகிற ஏற்பாடு வசதியாகத்தான் இருந்தது. மகள் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் ஏறியது. முருங்கைக்கீரையின் மகிமையைப் பற்றிக் குற்றாலலிங்கம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பேசினார்.

ஐப்பசி பிறந்ததும் மக்காச்சோளம் தீர்ந்தது. சின்ன லாரி ஓட்டுகிற நேசையா எட்டயபுரம் பக்கமிருந்து மூட்டைகள் கொண்டுவந்து இறக்கினார். இறக்கின கையோடு வீடு பூராவும் கருவாட்டு வாடை. கோமு மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“புன்னக்காயல் கருவாட்டு மூடை ரெண்டு, சோளத்து மேலதான் கெடந்துச்சு அண்ணாச்சி. கொட்டி காத்தாட விட்டா வாடை போயிரும்,” என்றார் நேசையா, பேராசிரியரைப் பார்த்து.

அண்ணாச்சி கோமுவைப் பார்த்தார். கோமு ஒரே வார்த்தையில் முடித்தாள். கழுவாமல் ஒரு மணி சோளம் உள்ளே வரக் கூடாது. சைவக் காடை கருவாட்டு நீர் பட்ட சோளத்தைத் தின்றால் அப்புறம் அது என்ன சைவம்? மகளுக்கு முட்டை அவித்துக் கொடுக்கிற அதே கைதான் இப்படி நீட்டிப் பேசியது. ஒரு பக்கம் விட்டுக்கொடுத்தால் இன்னொரு பக்கம் இறுக்கிப் பிடிக்கத்தானே வேண்டும் என்று அவள் தனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பேராசிரியராவது தடுத்திருக்கலாம். தானியத்தை நனைத்தால் என்ன ஆகும் என்று முதலாண்டு மாணவனுக்கும் தெரியும். அவரோ மஞ்சள் ஒரு கிருமிநாசினி என்று ஆரம்பித்து, அண்டா அண்டாவாக மஞ்சள் கரைத்து, சோளத்துக்கு மங்கள ஸ்நானம் செய்து வைத்தார். வெளியே அடைமழை. பாபநாசம் அணை திறந்து ஆற்றில் வெள்ளம் கரையைத் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. வெயில் என்ற ஒன்றை ஊரே மறந்திருந்த அந்த வாரத்தில், இவர்கள் சோளத்தைக் கூடத்திலும் மாடியிலும் பரப்பி மின்விசிறியைப் போட்டுவிட்டார்கள். மின்சாரம் பாதி நேரம் இல்லை. இருந்த நேரத்தில் சித்ரலேகா போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், சோளம் காற்று வாங்கியது. தொட்டுப் பார்க்கக் காய்ந்த மாதிரி ஆனதும் மறுபடி மூட்டை கட்டி மாடிப்படிக்குக் கீழே அடுக்கினார்கள்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். கோமு மூட்டைக்குள் கையை விட்டபோது உள்ளே கதகதவென்று இருந்தது. எடுத்த சோளம் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு வந்தது. அதன்மேல் மஞ்சளும் பச்சையுமாக ஒரு பொடி படர்ந்திருந்தது. பழைய புத்தகத்தைப் பிரித்த வாசம். அவளுக்கு என்னவோ பிடிக்கவில்லை. கணவரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மஞ்சள் நல்லா ஏறியிருக்கு,” என்றார் திருப்தியாக.

சொன்னவர் யார் தெரியுமா? அந்தப் பொடியாகப் படர்ந்திருந்த அதே பூஞ்சணத்தை முப்பது வருஷம் கரும்பலகையில் கலர் சாக்பீஸால் வரைந்து, பாகம் குறித்து, பாகம் குறிக்காத பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைத்தவர். கரும்பலகையில் அதற்குக் கீழே பெயர் எழுதியிருக்கும். சோளத்தின்மேல் யாரும் எழுதி வைக்கவில்லை. அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

அரைத்துத் தூளாக்கினபிறகு பொடியாவது கட்டியாவது, எல்லாம் ஒன்றாகிவிட்டது. காடைகள் முதலில் தின்றன, பிறகு கொறித்தன, பிறகு தீவனத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு இறகைச் சிலிர்த்தபடி நின்றன. முட்டை பாதியாகக் குறைந்தது. ஒருநாள் காலையில் நாலைந்து காடைகள் கூண்டுக்குள் செத்துக் கிடந்தன. சுவருக்கு உள்ளேயே. மறுநாள் அதற்கு இரண்டு மடங்கு.

கோமுவுக்குக் காரணம் பளிச்சென்று விளங்கிவிட்டது. முட்டை. சைவக் குடும்பத்துப் பெண் முட்டை அவித்தால் சிவன் சும்மா இருப்பாரா? மத்தியானம் செய்ததைக் காலையில் கழுவுகிற கணக்கு அவரிடம் எடுபடவில்லை போலிருக்கிறது. ஆனால் முட்டையை நிறுத்த அவளுக்கு மனசு வரவில்லை. மகள் இப்போதுதான் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்காமல் இருக்கிறாள். காடையை எடுத்துக்கொள், பிள்ளையை விட்டுவிடு என்று சாமியிடம் பேரம் பேசினாள்.

கால்நடை டாக்டர் பெருமாள்ராஜ் வந்தார். செத்த பறவையை அறுத்துப் பார்க்க வேண்டும் என்றார். காம்பவுண்டுக்குள் கத்தி படக் கூடாதே. அதனால் தெருவில், மின்கம்பத்துக்குப் பக்கத்தில் செய்தித்தாளை விரித்து அறுவை நடந்தது. பேராசிரியர் சுவருக்கு உள்ளே நின்றபடி கையை வெளியே நீட்டி டாக்டர் தலைக்குக் குடை பிடித்தார். கோமு கேட்டின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். ஈரல் வெளிறிப்போய் மஞ்சளாக இருந்தது, தொட்டால் உதிர்ந்தது.

டாக்டர் கையைக் கழுவிவிட்டுத் தீவனம் எங்கே என்று கேட்டார். மூட்டையை அவிழ்த்ததுமே அவருக்கு முகம் சுருங்கியது. சோளம் எப்படி நனைந்தது என்று கேட்க, புருஷனும் மனைவியும் மாறி மாறிக் கருவாட்டுக் கதையையும் மஞ்சள் கதையையும் சொன்னார்கள். அவர் நல்ல மனிதர், சிரிக்கவில்லை. பூஞ்சணம் பிடித்திருக்கிறது என்று மட்டும் சொன்னார். குற்றாலலிங்கம் ஒரு சோளக் கட்டியை எடுத்து மறுபடியும் வெளிச்சத்தில் பார்த்தார். இந்தத் தடவை வெகுநேரம் பார்த்தார்.

“ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ்,” என்றார் மெதுவாக. மனிதர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

இந்தப் பூஞ்சணம் அஃப்ளாடாக்ஸின் என்று ஒரு விஷத்தை உண்டாக்கும், அது நேராக ஈரலைத்தான் பிடிக்கும், பறவைகள் சுலபத்தில் தாங்காது என்று பெருமாள்ராஜ் கோமுவுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். கால்நடைக் கல்லூரி ஆய்வகத்துக்கு அனுப்ப மாதிரி எடுத்துக்கொண்டார். சோளத்தை ஒரு மணி விடாமல் குழிவெட்டிப் புதைத்துவிடச் சொன்னார்.

சாமி மேல் இருந்த பயம் கோமுவுக்கு அந்த நிமிஷமே விட்டுப்போனது. அதைவிடப் பெரிய பயம் வந்து உட்கார்ந்தது.

“முட்டையில எறங்குமா டாக்டர்?”

“கொஞ்சம் எறங்கும்மா. அதான் முட்டையை விக்கவும் வேண்டாம், திங்கவும் வேண்டாம்னு சொல்லுதேன்.”

“நல்லா வேக வெச்சா போயிராதா?”

“போகாது. அடுப்புச் சூட்டுக்கெல்லாம் அது அசையாது.”

குற்றாலலிங்கம் படியில் உட்கார்ந்தபடியே, நல்லவேளை, நம்ம வீட்டில் முட்டை அடுப்பேறுவதில்லை என்றார். வழக்கமாக அதைச் சொல்லும்போது வருகிற கம்பீரம் குரலில் இல்லை. அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் கோமு இல்லை. அவர் ஹசன் அலிக்குப் போன் போட்டு, இனி இங்கே காடை எடுக்க வேண்டாம், கையில் இருக்கிற முட்டையையும் கொட்டிவிடுங்கள் என்று காரணத்தோடு சொன்னார். ஊரானுக்கு உண்மையைச் சொல்ல அவருக்குத் தயக்கமே இல்லை.

ஆய்வக முடிவு வருகிறவரை கோமு நடைப்பிணமாகத் திரிந்தாள். புதுச்சோளம் வந்ததிலிருந்து எத்தனை முட்டை கொடுத்திருப்போம் என்று கூட்டிப் பார்ப்பாள், பாதியில் பயந்து நிறுத்திவிடுவாள். கருவாட்டு வாடை ஒரு நாளில் போயிருக்கும். கழுவச் சொன்னது யார்? அவள். கழுவினதால் வந்த விஷத்தை அவித்துத் தன் கையாலேயே ஊட்டியது யார்? அதுவும் அவள்தான். மகளின் கண்ணை விரித்து மஞ்சள் தட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். வயிற்றில் கைவைத்துப் பிள்ளை அசைகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளை வெறுக்க வேறு ஆளே தேவையில்லை, அவளே போதும்.

முடிவு வந்தது. விஷம் அனுமதித்த அளவைவிடப் பலமடங்கு என்று பெருமாள்ராஜ் போனில் சொன்னார். கோமு அடுக்களையிலிருந்து வந்து, லேகாவை இன்றைக்கே சங்கரி டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றாள். பரிசோதனைக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறதே, என்ன அவசரம் என்று கணவர் கேட்பார், அதற்கு ஒரு பொய் வேண்டும் என்று தயாராக வந்திருந்தாள். அவர் கேட்கவில்லை. ஏற்கெனவே சட்டை மாட்டிக்கொண்டு காருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டர் சங்கரியின் அறையில் பேராசிரியர் பூஞ்சண விஷங்கள் குறித்து ஒரு முழு வகுப்பே நடத்தினார். சித்ரலேகா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில், எதற்கும் ஒரு முன்னெச்சரிக்கைக்கு மகளுக்கு ஈரல் பரிசோதனை செய்து பார்த்தால் என்ன என்று அவர் கேட்டார். டாக்டருக்குப் புரியவில்லை. விஷம் காடைத் தீவனத்தில். இவள் காடை தின்றாளா?

“சே சே,” என்றார் அவர்.

“முட்டை?”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் எதற்குப் பரிசோதனை என்று டாக்டர் கேட்டாள். வேண்டியதில்லை என்று சொல்லிவிடப் போகிறாள், மகளைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிடப் போகிறோம் என்று கோமுவுக்குத் தோன்றியது.

“நான் குடுத்தேன் டாக்டர்,” என்றாள். “இவியளுக்குத் தெரியாது. தினமும் மூணு முட்டை அவிச்சுக் குடுத்தேன். புதுச்சோளம் வந்த பெறகும் குடுத்திருக்கேன்.”

சொல்லிவிட்டுக் கணவர் முகத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்தாள். இடி விழட்டும் என்று காத்திருந்தாள். டாக்டர் பேனாவை எடுத்து மூன்று என்று எழுதப் போனாள்.

“ஆறுன்னு போட்டுக்கிடுங்க,” என்றார் குற்றாலலிங்கம்.

கோமு தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். சித்ரலேகாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“ரெண்டு பேரும் இன்னொருத்தருக்குத் தெரியக் கூடாதுன்னு சத்தியம் வாங்குனீய. நான் யார்ட்ட சொல்லுவேன்?”

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு எழுதினாள். சிரிப்பை அடக்கினாளோ என்னவோ. முட்டை வழியாகப் போகிறது மிகக் கொஞ்சம்தான், பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது, ஆனாலும் பார்த்துவிடுவோம் என்றாள். நர்ஸ் ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள். முடிவு தெரிய ஒரு மணி நேரமாகும் என்றார்கள்.

வெளியே பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். மகள் கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். எப்போது கொடுத்தீர்கள் என்று கோமு கேட்டாள். காலையில், நீ கோயிலுக்குப் போகிற நேரத்தில், கூண்டுக்குப் பக்கத்தில் முட்டை அவிக்கவென்று ஒரு கெட்டில் மறைத்து வைத்திருக்கிறேன் என்றார் அவர். அவள் முட்டைக்காக மன்னிப்புக் கேட்கப் போன நேரமெல்லாம் வீட்டில் முட்டை வெந்திருக்கிறது. வேறொரு நாளாக இருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இப்போது கோபம்தான் வந்தது. அவர்மேலும், தன்மேலும்.

“நான் வாயத் தொறக்கலேன்னா நீங்க சொல்லியிருப்பீயளா?”

அவர் எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த குழந்தைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வீட்டுல இருந்து கெளம்பும்போது சொல்லணும்னுதான் வந்தேன்,” என்றார். “அங்கன டாக்டர் முன்னால உக்காந்ததும் வரல. சொல்லியிருக்க மாட்டேன் கோமு. நம்ம பிள்ளை, நம்ம பேரப்பிள்ளை. அப்பயும் சொல்லியிருக்க மாட்டேன்.”

அவரைத் திட்டுவதற்கு அவளுக்கு எவ்வளவோ இருந்தது. ஆனால் அந்த அறைக்குள் நுழையும்போது அவளும் வாயை மூடிக்கொண்டுதான் நுழைந்தாள். அவர் இன்னும் நன்றாகப் பொய் சொல்லத் தெரிந்தவராக இருந்து, டாக்டர் சரியென்று பரிசோதனையை எழுதிக் கொடுத்திருந்தால், அவளும் நிம்மதியாகப் பேசாமலேயே வீட்டுக்குத் திரும்பியிருப்பாள்.

நர்ஸ் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஈரலில் ஒரு குறையும் இல்லை, ரத்தமும் ஏறியிருக்கிறது, பிள்ளையின் துடிப்பும் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னாள். முட்டையை விட வேண்டாம், வேறு இடத்தில் வாங்குங்கள் என்றாள். குற்றாலலிங்கம் கை கூப்பினார். கோமுவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அடக்காமல் அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து டாக்டர் அவள் தோளைத் தட்டினாள். கணவர் மட்டும் தட்டவில்லை. தலையைத் தூக்காமல், பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.